தெருவுக்குச் செய்த வாத்தியம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படிக்க நேரம் இல்லாதவர்கள் ரயிலில் உட்கார்ந்து படியுங்கள். வேப்பம்பட்டில் ஏறினால் சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள் நிதானமாக முடித்துவிடலாம்.

ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். தப்பு என்னுடையது.

போன வைகாசியில் என் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். சி.டி.எச். ரோட்டில் ஒரு ஏ.சி. மண்டபம். தரையெல்லாம் பளபளவென்று கல், பக்கவாட்டில் கண்ணாடி, மேலே ஜோடனைக் கூரை. மேளக்காரர்கள் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். பெரியவர் ஒருவரும் அவர் மகனும் நாதஸ்வரம். மேடைக்கு ஓரமாக உட்காரவைத்து, முன்னால் ஒரு மைக்கையும் வைத்துவிட்டார்கள்.

வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. பெண்ணுக்குப் பெரிய அத்தைப் பாட்டி என்ற உரிமையில் நான்தான் எழுந்து போனேன். மைக்கை அணைக்கச் சொன்னேன். அணைத்த பிறகும் சத்தம் குறையவில்லை. பெரியவரிடமே போய், "கொஞ்சம் மெதுவா வாசிங்களேன், பேசவே முடியலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு, "மெதுவா ஊதினா சீவாளி பேசாதும்மா. இது தெருவுக்குன்னு செஞ்ச வாத்தியம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் தவிர அவர்கள் பெரிதாக ஒன்றும் வாசிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியது. நாதஸ்வரத்துக்குக் குறையாத சத்தம். ஒருத்தரும் காதைப் பொத்தவில்லை. நானும் பொத்தவில்லை.

முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். "தெருவுக்குன்னு செஞ்ச வாத்தியம்" என்ற மூன்று வார்த்தையில் அந்தப் பெரியவர் எனக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதைப் பற்றியே படித்துக்கொண்டும் விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாட்டு என்றால் குரலும் விரலும் ஞானமும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். எந்த இடத்தில் பாடுகிறார்கள், எந்தக் கருவி வழியாக அது நம் காதுக்கு வந்து சேருகிறது என்பதும் பாட்டின் ஒலியை உருவாக்குகிறது. இடம் மாறும்போதெல்லாம் நம் இசையும் மாறியிருக்கிறது.

முதலில் தெரு.

திருவள்ளூர் வீரராகவர் புறப்பாட்டைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சுவாமி கோயிலை விட்டுக் கிளம்பும்போது முதலில் வாசிப்பது மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது, வெறும் ஸ்வரமும் தாளமும்தான். சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று நான்கு வீதிக்கும் சொல்வது அதன் வேலை. வீட்டுக்குள் அடுப்படியில் இருக்கிறவளுக்கும் அது கேட்க வேண்டும். திறந்தவெளியில் ஒலிக்குத் திரும்பி வரச் சுவர் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகிவிடும் என்று எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் சொல்வார். அதைத் தாங்கித் தெருக்கோடி வரை போகிற மாதிரிதான் அந்த வாத்தியத்தைச் செய்திருக்கிறார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், கீழே விரிந்த அணசு, மேலே நாணல் சீவாளி. அந்தச் சீவாளி அதிர்வதற்கே ஒரு குறைந்தபட்ச மூச்சு வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் சுருதி இறங்கும், இல்லை ஒலியே வராது. பெரியவர் சொன்னது சாக்கு இல்லை, பௌதிகம்.

தவிலும் அப்படித்தான். பலா மரத்தில் குடைந்த உடம்பு. ஒரு பக்கம் கம்பு, மறுபக்கம் விரல்களில் கெட்டியான கூடு. கெட்டிமேளத்தின் நோக்கமே சத்தம்தான். தாலி கட்டுகிற நேரத்தில் தும்மலோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்பார்கள் பெரியவர்கள்.

ஆனால் தெருவில் சத்தமாக மட்டும் வாசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரவுப் புறப்பாட்டில் சுவாமி ஒரு வீதி முனையில் நின்றால், ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வார்கள். கடிகாரமோ டிக்கெட்டோ கிடையாது. ராக ஆலாபனை இவ்வளவு விரிந்து வளர்ந்ததில் அந்த வீதி முனைகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது இதற்கு நேர் எதிரான ஓர் இடத்துக்கு வாருங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு வீடு. வீணை தனம்மாள் (1867–1938) அங்கே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். நகத்தில் மீட்டுக்கம்பி போட்டுக்கொள்ளாமல் விரலாலேயே மீட்டுவார். எதிரே கொஞ்சம் பேர், பெரிய வித்வான்கள் உட்பட, மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வீணையைத் திருவள்ளூர்த் தேரடியில் வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. வீணையில் ஒரு கம்பியை இழுத்துவிட்டால் அது தேய்ந்து மறைகிற வரை கேட்க வேண்டும். அந்தத் தேய்வில்தான் கமகம் இருக்கிறது. அதைக் கேட்க அந்த மாதிரி ஒரு கூடம் வேண்டும்.

நாதஸ்வரமும் வீணையும் ஒரே ராகங்களைத்தான் வாசிக்கின்றன. ஒன்று வீதியில் வளர்ந்தது, ஒன்று வீட்டில் வளர்ந்தது.

அடுத்தது நம் பக்கத்துக் கதை. நம்மில் பல பேருக்கு இது தெரியாது. வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்ததில் மணலிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர் போன அதே மணலிதான். அங்கே முத்துக்கிருஷ்ண முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் தன் பிள்ளைகளோடு தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கிற வாய்ப்புக் கிடைத்தது. இளையவர்களில் ஒருவரான பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) அந்த மேல்நாட்டு மெட்டுகளில் ஏறத்தாழ 40 பாட்டு எழுதினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். அவருடைய முதல் கிருதி பிறந்த இடமும் நம் மாவட்டம்தான், திருத்தணி.

வயலின் ஏன் நிலைத்தது? குரல் போகிற இடமெல்லாம் வளைந்து போகும். வில் இழுக்கிற வரை ஒலி தேயாமல் நிற்கும். வீணையைவிடத் தூரம் போகும். கச்சேரி வீட்டை விட்டுச் சபைக்குப் போகப்போகிற காலத்துக்கு அது ஏற்கெனவே தயாராக இருந்தது.

அப்படித்தான் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் ராஜாக்களும் ஜமீன்தார்களும் கைவிட்ட பாடகர்கள் சென்னைக்கு வந்தார்கள். சபாக்கள் முளைத்தன. டிக்கெட் வாங்கி நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து கேட்டார்கள். கீற்றுப் பந்தல், கோகலே ஹால் போன்ற மண்டபங்கள், நாடகக் கொட்டகைகள் எல்லாம் மேடையாயின. ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் காசு கொடுத்தவன் இருக்கிறான். அவனுக்கும் கேட்க வேண்டும்.

அதனால் என்ன ஆயிற்று? சுருதி ஏறியது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சொல்வார்கள். இன்றைக்கு ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) காலத்து நாடக மேடையில் நான்கு, ஐந்து கட்டை என்பது சாதாரணம். தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் குரல் போக வேண்டும், அதுவும் விடிய விடிய. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடியே பெயர் வாங்கினார்கள். எங்கள் பாட்டி சுந்தராம்பாளைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அவர் பாட்டைச் சொல்ல மாட்டார், "நாடகம் நடந்தா பக்கத்து ஊருக்கே கேக்கும்டி" என்றுதான் ஆரம்பிப்பார்.

குரலை ஏற்றலாம். வயலினை என்ன செய்வது? மைசூர் டி. சௌடய்யா 1927 வாக்கில் வயலினில் இன்னும் மூன்று கம்பிகளைச் சேர்த்து ஏழு கம்பி வயலினாக்கினார். கூட்டத்தில் கடைசி ஆள் வரை ஒலி போக வேண்டும் என்பதுதான் காரணம். அந்த அழுத்தமான, கனத்த நாதத்தைக் கேட்டு ரசித்தவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்திருப்பார்கள். அதன் வேர் பெரிய மண்டபத்தில் இருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கிராமபோன்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார்கள். அப்போது மின்சாரப் பதிவு இல்லை. ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். அந்த ஒலியின் வேகத்தில் ஒரு தகடு அதிரும், அந்த அதிர்வில் ஊசி மெழுகில் கோடு கீறும். மென்மையாகப் பாடினால் ஊசி கீறாது. கீழ் ஸ்தாயி சரியாகப் பதியாது. ஆகவே இங்கேயும் கனத்த, எடுப்பான குரலுக்குத்தான் மரியாதை. பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். தட்டு அச்சடிக்க ஜெர்மனிக்குப் போகும், அங்கே இருப்பவர்களுக்கு யார் குரல் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் அந்தக் கூம்புக்குள் பாடியவர்கள்.

தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கிற நேரம் மூன்று நிமிஷத்தை ஒட்டித்தான். வீதி முனையில் மணிக்கணக்காக வாசித்த ராகத்தை மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? ராகத்தின் முகத்தை முதல் பத்து விநாடியிலேயே காட்டிவிட வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் ஓட்டமாக வர வேண்டும். சங்கதிகளைக் குறைக்க வேண்டும். இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். சுருக்கமாகச் சொல்வதில் ஒரு திறமை இருக்கிறது. உங்களுக்கெல்லாம் ஐந்து மதிப்பெண் விடை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

ஆனால் தட்டு இன்னொரு வேலையும் செய்தது. அதுவரை ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை யாரும் கேட்டதில்லை. தட்டு வந்த பிறகு, ஒரே பாட்டை, ஒரே மூச்சோடு, நூறு தடவை கேட்கலாம். நூறு தடவை கேட்டதுதான் 'சரியான' பாட்டு என்று மனசில் பதிந்துவிடும். இன்றைக்குக் கல்யாணத்தில் இன்னிசைக் குழு ஒரு சினிமாப் பாட்டைப் பாடும்போது, நடுவில் வருகிற புல்லாங்குழல்கூடப் படத்தில் வந்த மாதிரியே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் தொடக்கம் அங்கேதான்.

பிறகு மைக்.

1925 வாக்கில் மேல்நாட்டில் மைக் வழியாக மின்சாரப் பதிவு தொடங்கியது. சில ஆண்டுகளில் இங்கேயும் வந்தது. 1930-களில் கச்சேரி மேடைக்கும் மைக் வந்தது. 1938 ஜூன் 16-ஆம் தேதி சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. கூம்பு கத்தச் சொன்னது. மைக் பேசச் சொன்னது. பாடகர் மெல்ல முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி காதோடு பேசுகிற மாதிரி பாடிப் புகழ் பெற்றதும் மைக்கால்தான்.

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமானால் சினிமாவைப் பாருங்கள். 1944-இல் 'ஹரிதாஸ்' வந்து மூன்று தீபாவளி கண்டது. அதில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல் நாடக மேடையில் பயின்ற குரல், உச்ச ஸ்தாயியில் நின்று கொட்டகையை நிரப்புகிற குரல். பதினைந்து ஆண்டு கழித்து, 1959-இல், 'கல்யாண பரிசு'. அதன் இசையமைப்பாளரும் முக்கியப் பாடகருமான ஏ.எம். ராஜாவின் குரல் எப்படி இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி. கிட்டப்பா காலத்து மேடையில் ஏ.எம். ராஜாவை நிறுத்தியிருந்தால் இரண்டாவது வரிசைக்கே கேட்டிருக்காது. பி.பி. ஸ்ரீநிவாஸுக்கும் அதே கதிதான். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு முன்னாலும் அப்படிப்பட்ட குரல்கள் நம் வீடுகளில் எத்தனையோ இருந்திருக்கும், தாலாட்டோடு முடிந்துபோயிருக்கும். மைக்தான் அவற்றுக்கு மேடை கொடுத்தது.

மைக்கால் நாம் இழந்ததும் உண்டு. அடிவயிற்றிலிருந்து திறந்த குரலில் பாடுகிற பயிற்சி குறைந்துபோனது. பெற்றதும் உண்டு. வீணையைப் பெரிய சபாவில் கேட்க முடிந்தது. கீழ் ஸ்தாயியில் ஒரு கார்வையை நிறுத்த முடிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நாதஸ்வரம் இந்தக் காலத்தில் என்ன செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதுவும் மாறியது. பழைய நாதஸ்வரம் திமிரி. நீளம் குறைவு, சுருதி அதிகம், தெருவைப் பிளந்துகொண்டு போகும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி இறங்கிய பாரி நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்கு அதைச் செய்து கொடுத்தவர். நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒத்துக்கொள்ளாமல், மற்ற வித்வான்களைப் போல மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தவரும் அவர்தான். தெருவில் நின்ற வாத்தியம் மேடையில் உட்கார்ந்தபோது குரலையும் தணித்துக்கொண்டது. அந்த மனிதருக்கு மரியாதை கேட்கவும் தெரிந்தது, இடத்துக்கு ஏற்ப நாதத்தை மாற்றவும் தெரிந்தது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியோடு வாசித்த ஆபேரி ராகப் பாட்டை உங்களில் கேட்காதவர் யார்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள். ஓர் இளம் பெண்ணின் மெல்லிய குரலும் நாதஸ்வரமும் மாறி மாறி, சரிக்குச் சமமாக. தெருவில் இது நடக்காது. நாதஸ்வரம் எடுத்த மாத்திரத்தில் குரல் காணாமல் போய்விடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்துத்தான் அந்தச் சமம் வந்தது. நாம் எல்லோரும் மயங்கிய அந்தச் சங்கமம் உலகத்தில் எந்தத் தெருவிலும், எந்தக் கோயிலிலும் இல்லாத ஓர் இடத்தில் நடந்தது. அந்த இடம் பதிவு நாடா.

இனி நம் ஊர்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வேப்பம்பட்டைச் சுற்றி வயல்தான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட்காரர் வந்து வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். எல்.ஆர். ஈஸ்வரியும் சீர்காழி கோவிந்தராஜனும் வயல் தாண்டிச் செவ்வாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் கேட்பார்கள். அந்தக் குழாயில் தபேலாவின் கீழ்ச் சத்தம் வராது. நடுக்குரலும் மேல்குரலும்தான் வரும், அதுதான் தூரமும் போகும். சீர்காழியின் வெண்கலக் குரலுக்கும் ஈஸ்வரியின் எடுப்புக்கும் அந்தக் குழாய் பொருத்தமாக அமைந்துவிட்டது. புட்லூர் அம்மன் திருவிழாவோ பெரியபாளையமோ, எங்கே கேட்டாலும் அதே குரல்கள்தான்.

கல்யாணமாகி முதல் முதலில் டேப் ரெக்கார்டர் வாங்கிய அன்று, அதே அம்மன் பாட்டு கேசட்டைப் போட்டேன். உடுக்கையும் பம்பையும் தும் தும் என்று அடிவயிற்றில் இடித்தன. "இது வேற யாரோ மாத்திப் பண்ணியிருக்காங்க" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்தார். பாட்டு அதேதான், அத்தனை வருஷமாக நான் கேட்டதுதான் பாதிப் பாட்டு. ஆனால் இன்றைக்கும் அம்மன் பாட்டு என்றால் எனக்கு அந்த மரத்து உச்சியிலிருந்து காற்றில் ஏறி இறங்கி வருகிற பாட்டுதான். அதற்கு நான் என்ன செய்ய?

1992-இல் 'ரோஜா' வந்தபோது நீங்கள் பலர் பத்தாம் வகுப்பு. வகுப்பில் மேஜையைத் தட்டித் திட்டு வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள். ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினார். பழைய முறையில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், அந்தக் கூடத்தின் எதிரொலியும் பாட்டோடு சேரும். புது முறையில் கூடம் என்பதே கணினியில் பிறகு சேர்த்துக்கொள்கிற ஒன்று. இன்றைக்கு அது இன்னும் சுருங்கி, காதுக்குள் செருகுகிற சின்னக் குமிழாகிவிட்டது. ரயிலில் பார்க்கிறேன், ஒரு பெட்டியில் எண்பது பேர், எண்பது கச்சேரி. அந்த இரைச்சலுக்குள் கேட்கிற மாதிரிதான் பாட்டையும் தயார் செய்கிறார்கள். மெல்லிய இடமும் பலத்த இடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

எங்கள் தெருக் கோயிலிலும் ஒரு மின்சார மேளம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தானாக அடிக்கும். ஆள் வேண்டாம், சம்பளம் வேண்டாம். தீபாராதனை நீண்டாலும் குறுகினாலும் அதன் அடி ஒன்றுதான். சுவாமியைப் பார்த்து வாசிக்க அதற்குக் கண் இல்லையே.

கல்யாண மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஒலி அமைப்புத் தொழிலில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் என்னை அதே மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். காலியான மண்டபம். "நடுவில நின்னு ஒரு தடவை கை தட்டுங்க டீச்சர்" என்றான். தட்டினேன். அந்தத் தட்டல் கண்ணாடியிலும் கல்லிலும் மோதி மோதி, அடங்கவே நேரமானது. "இதுக்குள்ள நாதஸ்வரத்தை வெச்சு, அதுக்கு மைக்கும் வெச்சா, அவர் இப்ப வாசிக்கிற ஸ்வரத்தோட முன்னாடி வாசிச்ச நாலு ஸ்வரமும் சேர்ந்து கேக்கும். அவர் மேல தப்பில்ல டீச்சர்" என்றான். வெளியே வாசலுக்கு வந்து தட்டச் சொன்னான். டக்கென்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது.

தப்பு வாத்தியத்தில் இல்லை, வாசித்தவரிடமும் இல்லை. தெருவுக்குச் செய்ததை நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தோம். பிறகு சத்தம் என்று சொல்லி வாயை மூடச் சொன்னோம். பேசத் தெரிந்த நானே போய்ச் சொன்னேன். இப்படி ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அவருக்கு யாராவது ஒருத்தர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். அவர் மகன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பையன் அந்தத் தொழிலில் இருப்பானா மாட்டானா என்பதை இந்த மாதிரிச் சின்ன அவமானங்கள்தான் முடிவு செய்யும்.

பெரியவரின் போன் நம்பரை வாங்கிப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பழகிப்போச்சும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வருகிற தை மாதம் என் தம்பி பேரனுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பத்திரிகை வரும். அவரைத்தான் மேளத்துக்குப் பேசியிருக்கிறோம். இந்த முறை மண்டபத்துக்குள் இல்லை. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, கீழே ஜமக்காளம் விரித்து, அங்கே மேளம். மைக் கிடையாது. மாப்பிள்ளை அழைப்பு காரில் வேண்டாம், தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடைதான். முகூர்த்த நேரத்துக்கு மட்டும் உள்ளே வந்து கெட்டிமேளம். நீங்களும் உங்கள் வீட்டு விசேஷத்தில் இப்படிச் செய்து பாருங்கள். செலவு ஒன்றும் கூடாது. இரண்டு கீற்று, ஒரு ஜமக்காளம், வாசலில் வந்து பத்து நிமிஷம் நின்று கேட்கிற மனசு, அவ்வளவுதான் வேண்டும்.

இதைச் சொன்னபோது அவர் போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார்.

"அரைக் கிலோமீட்டர் இருக்குமய்யா" என்றேன்.

"அப்போ மாப்பிள்ளையைக் கொஞ்சம் மெதுவா நடந்து வரச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். தையில் எல்லோரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வேப்பம்பட்டு